இது யாரோட பாட்டு?

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு புடைவைக் கடையின் மாடியில், அவருடைய ரெக்கோடிங் பார் இருந்தது. பார் என்றதும் வேறு எதையும் நினைத்துவிட வேண்டாம். என் அப்பா நினைத்தார். "டீச்சர் வேல பாக்குற புள்ள, பாருக்கு எதுக்கும்மா போற?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். நாம் எழுதிக் கொடுக்கும் பாட்டுகளை வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் கடைக்கு அந்த நாளில் இந்த நாட்டில் அதுதான் பெயர். மற்றக் கடைகளில் சீட்டைக் கொடுத்தால் கேசட் கிடைக்கும். இவருடைய கடையில் சீட்டைக் கொடுத்தால் முதலில் கேள்விதான் கிடைக்கும்.

சீட்டில் உள்ள ஒவ்வொரு பாட்டின் மேலும் விரலை வைப்பார். "இது யாரோட பாட்டு?" என்பார். வந்தவர் படத்தில் நடித்த நடிகரின் பெயரைச் சொல்வார்.

"அவரு வாய அசைச்சாருங்க. எழுதுனது யாருன்னு கேக்குறேன்."

வந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இவருக்குப் பதில் தெரியாமல் இல்லை. பத்துக்கு ஒன்பது பாட்டுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் கேட்பார். கேட்டுவிட்டு, "போய்ட்டு சாயங்காலமா வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் இருக்கும். கேசட் பெட்டிக்குள் வைக்கும் அட்டையில், எழுதியவர் பெயர் சிவப்பு மையில், இசையமைத்தவர் பெயர் நீல மையில், பாடியவர் பெயர் கறுப்பு மையில். அந்த மூன்று பேனாக்களும் மாறி மாறிக் கசிந்து, அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இடது பக்கம் ஒரு கறை நிரந்தரமாக இருந்தது. அட்டையின் அடியில் 'பதிவு' என்று நான்காவதாக ஒரு கோடு உண்டு. அச்சகத்தில் அப்படித்தான் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோட்டை மட்டும் அவர் நிரப்பியதே இல்லை.

"காப்பி எடுக்கலாம், பேர முழுங்கக் கூடாது." இது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அடுத்தவர் பாட்டை ஒரு வார்த்தை கேட்காமல் காப்பி எடுத்து விற்கிற மனிதர் பேசுகிற நியாயமா இது? நான் அதை முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை.

"திருட்டுத்தான் டீச்சர், இல்லேங்கல. ஆனா திருடுன வீட்டு விலாசத்தையாவது எழுதி வைக்கிறேன்ல."

லுணுகலைக்கு மினி பஸ் ஓட்டும் ஒரு டிரைவர் ஒருமுறை இவரிடம் மாட்டிக்கொண்டார். புது பஸ், புது செட், பன்னிரண்டு பாட்டு வேண்டும். பதினொன்றுக்குச் சரி. பன்னிரண்டாவது பாட்டை யார் எழுதியது என்று இவருக்கே தெரியவில்லை. வானொலி நிலையத்துக்குத் தபால் அட்டை போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார். டிரைவர் மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் மாடிப்படியில் நின்றுகொண்டே கத்தினார்.

"ஏங்க, பாட்டு கேக்குறதுக்கு சாதகம் பாக்கணுமா? பொண்ணா கட்டப் போறேன்?"

"பொண்ணா இருந்தா அப்பா பேரு கேக்காம கட்டுவீங்களா?" என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

டிரைவர் பதினொரு பாட்டோடு போனார். வானொலி நிலையத்திலிருந்து பதில் வந்தது. பன்னிரண்டாவது பாட்டை இவர் தனியாக ஒரு கேசட்டில் பதிந்து, சிவப்பு மையில் பெயர் எழுதி, பஸ் நிலையத்தில் அந்த டிரைவரைத் தேடிப் பிடித்துச் சும்மாவே கொடுத்தார். பிறகு அந்த பஸ்ஸில் ஏறியவர்களுக்கு ஒரு தண்டனை காத்திருந்தது. டிரைவரும் பயணிகளைப் பார்த்து, "இது யாரு எழுதுனது, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

இவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. சின்ன வயதில் இவர் எழுதிய பாட்டை யாரோ திருடிவிட்டார்கள் என்றார் புடைவைக் கடைக்காரர். நான் கேட்டபோது இவர் சிரித்தார். "நான் எங்க டீச்சர் பாட்டு எழுதினேன்? எனக்கு லீவு லெட்டரே எழுத வராது." ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர், ரேடியோ பழுது பார்க்கப் பழகி டவுனுக்கு வந்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். சில பேருக்குக் கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இவருக்குப் பெயர் இல்லாத பாட்டு அப்படி.

அந்தக் குணத்தில் முதலில் அடி வாங்கியது நான்தான். லுணுகலைப் பக்கத்தில், நான் பிறந்த தோட்டத்திலேயே, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தேன். பரிசளிப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டவும் நிகழ்ச்சியைப் பதியவும் அவரைக் கூப்பிட்டிருந்தோம். பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடினார்கள். தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் பாடக் கேட்டு நான் பழக்கியது.

புள்ளக் காம்பராவுல ஒன்ன விட்டு
மேமலைக்குப் போறேன் கண்ணே
பனிமூட்டம் வெலகயில பாரு
செவப்புத் துண்டு தெரியும் கண்ணே

பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை ஓர் ஆயாவிடம் விட்டுப் போகும் இடம். எங்கள் தோட்டத்தில் அதில் வளராத பிள்ளை கிடையாது. அதனால் பாட்டு முடிந்ததும் கைதட்டல் பலமாக இருந்தது. நானும் பெருமையோடு மைக்கைப் பிடித்து, "இது ஒரு நாட்டார் பாடல்" என்று அறிவித்திருந்தேன்.

விழா முடிந்து, முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"டீச்சர், நாட்டார்னு ஒருத்தரு இந்தத் தோட்டத்துல இருக்காரா? எந்த லயம்?"

"எல்லாரும் பாடுறதுண்ணே. யாரு கட்டுனதுன்னு யாருக்குத் தெரியும்?"

"கட்டுனவங்களுக்குத் தெரியும்ல."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். ஒருநாளும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், டவுனிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே பீலிக்கரைக்குப் போனார். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும் அந்த இடத்தில் ஞாயிறு என்றால் பெண்கள் கூட்டம். இவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். குரல் கேட்கச் சகிக்காது. அதிலும் நாலாவது வரியை, 'பச்சத் துண்டு தெரியும் கண்ணே' என்று பாடினார். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். இவர் திரும்பவும் பச்சத் துண்டு என்றார். மூன்றாவது தடவை, குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த மாரியாயி அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பச்சத் துண்டா? பச்சக் கொழுந்துக்குள்ள பச்சத் துண்டு கட்டிக்கிட்டு நின்னா புள்ளைக்கு எப்படித் தம்பி தெரியும்?"

இவர் பாட்டை நிறுத்தினார். "அதான் செவப்பாக்கா?"

"பின்ன? எம்புள்ள விட்டுட்டுப் போனா அழுதுகிட்டே கெடக்கும். புள்ளக் காம்பரா வாசல்ல இருந்து பாத்தா மேமலை தெரியும். செவப்புத் துண்ட தலையில கட்டிக்கிட்டுப் போனேன். அது தெரியுற வரைக்கும் புள்ள அழுவலன்னு ஆயாம்மா சொன்னாங்க. அப்பக் கட்டுன பாட்டு."

என் வீட்டுக்கு நாலு லயம் தள்ளி இருக்கிற மாரியாயி அக்கா. ஐம்பது வயதிருக்கும். அவரிடம் நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், கீரை வாங்கியிருக்கிறேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வெற்றி. "மாத்திப் பாடுனா யாருக்குப் பொறுக்கலையோ அவங்களோடது டீச்சர். அவ்வளவுதான் பரீட்ச" என்றார்.

பிறகு கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தார். அக்காவின் முகம் சட்டென்று மாறியது.

"பேர எழுதாதீங்க தம்பி."

அக்காவின் புருஷன் ஒரு வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர். யாரோ வந்து பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் இடத்தில், அவர் பேரை மட்டும் கூப்பிடவில்லை. எங்கள் சனங்களுக்குக் கையில் பேனாவோடு வந்து பேர் கேட்கிறவர்களைப் பற்றித் தெரிந்தது அதுதான். பேரை எழுதினால் அடுத்தது வெட்டுவார்கள்.

வேறு யாராக இருந்தாலும் வற்புறுத்தியிருப்பார்கள். நானே வாயைத் திறந்தேன். இவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். "ஒங்க பாட்டு. நீங்க சொன்னாத்தான்" என்றார். அந்தப் பதில்தான் அக்காவை இளக்கியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்துக்கு வந்து, மைக்குக்கு முன்னால் நின்று, ஒருமுறை பாடிக் கொடுத்தார். பேர் எழுதவும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "கேசட்டு ஒங்க கடையில இருக்கட்டும். நான் சொல்லாம அந்த அட்டைய யாருக்கும் காட்டப்படாது."

"சரிக்கா" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகப் பிறகு நான் அவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்.

காலம் மாறியது. கேசட் போய் சீடி வந்தது. ஒரு சீடியில் நூற்றைம்பது பாட்டு அடைத்துக் கேட்டார்கள். நூற்றைம்பது பாட்டுக்கு அட்டை எழுத யாரால் முடியும்? இவர் முயன்றார். ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, தமிழ் எழுத்து ஏற்றி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பெயரும் சேர்த்தார். பக்கத்துக் கடைகளில் பாட்டுகள் டிராக் ஒன்று, டிராக் இரண்டு என்று வரிசையாகக் கிடந்தன. அதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். "பேரு இல்லாம நம்பரு. நம்ம லயத்துக் காம்பராவுக்குக் குடுத்த மாதிரி" என்பார்.

அந்தச் சமயத்தில் படைப்புகளின் உரிமையைப் பற்றிப் புதிய சட்டம் வந்திருக்கிறது என்று பேச்சு அடிபட்டது. மற்றக் கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். இவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் யாரையோ பிடித்து, சட்டத்தின் தமிழ்ப் பிரதியை வாங்கி, பாட்டுப் புத்தகம் படிக்கிற மாதிரிப் படித்தார். நான் போனபோது பக்கமெல்லாம் பென்சில் கோடு.

"டீச்சர், நம்ம தொழில் தப்புன்னு போட்டிருக்கு. அது எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா இதப் பாருங்க. உரிமைய வித்துட்டாலும், கட்டுனவங்க பேரப் போடணும், கட்டுனதக் கெடுக்கக் கூடாது. அந்த ரெண்டும் அவங்களோடயே இருக்குமாம்." பிரதியை முன்னும் பின்னும் புரட்டினார். "இவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க. இத எழுதுனது யாருன்னு மட்டும் எங்கயும் காணோம்."

அந்த மாதமே சினிமாப் பாட்டுக் காப்பி எடுப்பதை நிறுத்திவிட்டார். கல்யாணம், திருவிழா, பள்ளி விழா என்று ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதும், ஆட்கள் கேட்டால் அவர்கள் பாடுவதைப் பதிந்து கொடுப்பதும் மட்டும். 'கிறுக்குப் புடிச்சிருச்சு' என்றார்கள் மற்றக் கடைக்காரர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்தக் கிறுக்கை நினைத்து எனக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதன் பிறகுதான் கொழும்புச் சீடி வந்தது. மலைநாட்டுப் பாட்டுகளைத் திரட்டி ஒரு நிறுவனம் வெளியிட்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் அந்த வருடம் மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தார்கள், அதே பாட்டோடு. போட்டிப் படிவத்தில் பாட்டு யாருடையது என்று ஒரு கட்டம் இருந்தது. நான் ஏற்பாட்டாளர்களிடம் விசாரித்தபோது அவர்கள் அந்தச் சீடியைக் காட்டினார்கள். ஐந்தாவது பாட்டு. 'பாரம்பரியப் பாடல், இயற்றியவர் தெரியவில்லை.' கீழே, எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கு. பிள்ளைகள் பாட வேண்டுமானால் நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் தேவை என்றார்கள்.

மாரியாயி அக்காவின் பேத்தி அந்தக் குழுவில் முதல் குரல். தன் பாட்டி கட்டிய பாட்டைப் பாட அந்தப் பிள்ளை கொழும்புக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும். கடைக்கு ஓடினேன். அவர் சீடியைப் போட்டுக் கேட்டார். நாலாவது வரி வந்ததும் முகம் இறுகியது. 'கண்ணீருல நனைஞ்ச துண்டு தெரியும் கண்ணே' என்று ஒரு குரல் உருகி உருகிப் பாடியது.

"அட்டைய எடுங்கண்ணே. காப்பி எடுத்து அனுப்புவோம்" என்றேன்.

"அக்கா சொல்லட்டும் டீச்சர்."

நிறுவனத்துக்கு நானே கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. எங்கள் ஆய்வாளர் சில வருடங்களுக்கு முன் உங்கள் தோட்டத்துக்கே வந்து பதிந்தார், பாடிய பெண்ணிடம் இது உங்கள் பாட்டா என்று கேட்டார், அவர் இல்லை என்றார், குறிப்பேட்டில் இருக்கிறது. பிள்ளைகள் பாடலாம், ஆனால் சீடியில் உள்ளபடியே விவரம் போட வேண்டும். அக்காவிடம் ஓடினேன். ஆமாம், இல்லை என்றுதான் சொன்னேன் என்றார். நோட்டுப் புத்தகத்தோடு வந்து முதலில் பேரைத்தான் கேட்டார்களாம்.

"வார்த்தைய வேற மாத்தியிருக்காங்கக்கா."

"மாத்திட்டுப் போறாங்க. பாட்டு கொழும்பு வரைக்கும் போயிருக்குல்ல. எம்பேரு எதுக்கு? வேணாம்மா."

திரும்பவும் கடைக்குப் போனேன். கெஞ்சினேன். சிவப்பு மையில் எழுதிய ஆதாரம் கையில் இருக்கிறது, காட்டினால் முடிந்தது. "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர். அவங்ககிட்ட கேக்காம நானும் எடுத்துக் குடுத்தா, அந்தக் கொழும்பு ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். உங்கள் நியாயத்தை நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அதுதான் நான் சொன்ன அந்த ஒரு மாதம்.

போட்டி பதுளையில் ஒரு மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஒலிபெருக்கி அவருடையது. கொழும்பு நிறுவனத்தின் ஆய்வாளர் விருந்தினராக வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், நல்ல மனிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரியாயி அக்கா, பேத்தி பாடுவதைப் பார்க்க, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். விருந்தினரைக் கௌரவிக்க, பிள்ளைகள் பாடுவதற்கு முன்னால் சீடியிலிருந்து அந்தப் பாட்டைப் போடும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள்.

சீடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்ததை நான் பார்த்தேன். மேடை தயார், அறிவிப்பாளர் கையைக் காட்டிவிட்டார், இவர் பொத்தானை அழுத்தவில்லை. கடைசி வரிசையில் பேச்சு அடங்கும் வரை நின்றார். பிறகு அழுத்தினார்.

மூன்று வரி போனது. 'கண்ணீருல நனைஞ்ச துண்டு' என்று குரல் உருகியது.

"அது அப்படி இல்லைங்க."

கடைசி வரிசையில் மாரியாயி அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். இவர் உடனே பாட்டை நிறுத்தினார். மண்டபம் முழுதும் திரும்பியது.

"செவப்புத் துண்டுங்க. புள்ளைக்கு அடையாளம் தெரியத்தான் செவப்பு. நனைஞ்ச துண்டு அம்புட்டுத் தூரத்துல தெரியுமா? கண்ணீரெல்லாம் இல்லைங்க. என் பாட்டுல நான் அழுவல. அழுதுகிட்டு நின்னா கொழுந்து எடுக்க முடியாதுங்க."

ஆய்வாளர் எழுந்து அவரை நோக்கி நடந்தார். "அம்மா, நான் அண்டைக்கு உங்களிட்டைத்தானே கேட்டனான்? நீங்கள் இல்லையெண்டு சொன்னனீங்கள்."

"அன்னைக்கு நீங்க பேர கேட்டீங்கய்யா. பாட்டக் கேக்கல."

ஆய்வாளர் தலைகுனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்கட பாட்டு எண்டுறதுக்கு ஏதும் எழுத்திலை இருக்கோ அம்மா?"

அக்கா மேடைப் பக்கம் பார்த்தார். இவர் அசையாமல் நின்றார். கையைக்கூட எடுக்கவில்லை. "காட்டுங்க தம்பி" என்றார் அக்கா. அதன் பிறகுதான் கை சட்டைப் பைக்குப் போனது. மூன்று பேனாக்களுக்குப் பின்னாலிருந்து, பொலித்தீன் உறையில் போட்ட அந்த அட்டை வெளியே வந்தது. காட்ட மாட்டேன் என்று ஒரு மாதம் என்னை அழவைத்த மனிதர் அதைக் கூடவே கொண்டுவந்திருந்தார்.

ஆய்வாளர் அட்டையை வாசித்தார். மை கொஞ்சம் மங்கியிருந்தது. "மாரியாயி எண்டுதானே?" என்று நிச்சயப்படுத்தக் கேட்டார்.

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பெரட்டில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். "மாரியாயி. கருப்பையா பொஞ்சாதி. மேப்பிரிவு, ஏழாம் நம்பர் லயம். எழுதிக்கங்க."

எழுதிக்கங்க என்ற அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு வந்த பெருமையை நான் வேறு எதற்கும் அனுபவித்ததில்லை. என் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனபோதுகூட இல்லை.

பிறகு பேத்தியும் மற்றப் பிள்ளைகளும் பாடினார்கள், செவப்புத் துண்டோடு. எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. இந்தக் கலவரத்தில் நேரம் தாண்டிவிட்டது என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். யாரும் கவலைப்படவில்லை.

மண்டபத்து வாசலில் ஆய்வாளர் அக்காவிடம், சீடியைத் திருத்துகிறோம், இனி இந்தப் பாட்டை மற்றவர்கள் பயன்படுத்த என்ன நிபந்தனை என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்றார். நான் ஏதேதோ யோசித்தேன். அக்கா யோசிக்கவே இல்லை.

"யாரும் பாடட்டுங்க. எம்பேரச் சொல்லிட்டுப் பாடட்டும். கண்ணீரு மட்டும் ஊத்தக் கூடாது."

அதை இவர் அட்டையின் பின்பக்கத்தில் அப்படியே சிவப்பு மையில் எழுதினார். வருடங்கள் கழித்து, அந்த நிறுவனம் பாட்டை இணையத்தில் ஏற்றியபோது, அதே மூன்று வாக்கியமும் பாட்டுக்குக் கீழே வந்தன. யாரும் எடுக்கலாம், பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றக் கூடாது என்று உலகம் முழுவதும் இப்போது உரிமம் எழுதுகிறார்கள் என்று என் மகன் கம்ப்யூட்டரில் காட்டினான். வக்கீல்கள் உட்கார்ந்து எழுதியதாம். எங்கள் ஏழாம் நம்பர் லயத்தில் அது முக்காட்டைச் சரிசெய்கிற நேரத்தில் முடிந்தது என்று சொன்னேன்.

வேண்டுமென்றேதான் காத்திருந்து பாட்டைப் போட்டீர்களா என்று பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். "போடச் சொன்னாங்க, போட்டேன்" என்று வயரைச் சுற்றினார். அக்காவிடம் கேட்டதற்கு, "அந்தத் தம்பி வேணும்னுதான் போட்டுச்சு. பச்சத் துண்டுன்னு பாடுனப்பவே எனக்குத் தெரியும்" என்று சிரித்தார்.

அன்று வாசலில் இன்னொன்றும் நடந்தது. பேத்தி அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். எழுதியவர், இசை, பாடியவர், மூன்று இடத்திலும் பாட்டியின் பெயர். கடைசிக் கோடு காலி. அதில் என்ன எழுத வேண்டும் என்று அக்கா கேட்டார், பதிந்தவர் பெயர் என்று நான் சொன்னேன். "அப்ப தம்பி பேர எழுது" என்றார் அக்கா பேத்தியிடம். இவர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"எம்பேரு எதுக்குக்கா? நான் காப்பி எடுத்தவன். கட்டுனவங்க பேரு போதும்."

அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. மாடியில் இப்போது போன் கடை இருக்கிறது. அந்த அட்டை மாரியாயி அக்காவின் பேத்தி வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, நான்காவது கோடு காலியாகவே. இதை எழுதும்போது அவர் பெயரைப் போட்டுவிட எனக்குக் கை துடித்தது. ஆனால் அவர் வேண்டாம் என்றார். அவர் சொல்லாமல் பெயரை எடுத்துக் கொடுத்தால் எனக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இதை யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம். பாட்டு வருகிற இடத்தில் மாரியாயி என்ற பெயர் இருக்க வேண்டும். கடைசிப் பகுதியைப் படிக்கும்போது குரலை உருக்கிவிடாதீர்கள், அவரைப் பற்றிய இடத்திலும் கண்ணீர் சேர்க்கக் கூடாது. நான் சேர்க்கவில்லை.